மில்லுக்காதுக்குக் கேட்ட பாட்டு

என் வயசுக்காரிகளே, இரண்டு காதில் எது நல்ல காதோ அதை இந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது ஒரு சத்தத்தைப் பற்றி.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் வயசுக்காரிகள் புஸ்தகத்துக்காக நான் சொல்லச் சொல்லப் பேத்தி செல்போனில் தட்டிக்கொண்டு வருகிறாள். "ஆயா, நீ பேசற மாதிரியே போட்டா புஸ்தகத்துல சேத்துக்க மாட்டாங்க" என்றாள். சரி, கதையை நீ திருத்தமாகப் போட்டுக்கொள், ஆனால் யாராவது வாயைத் திறந்தால் பேசினது பேசினபடியே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். செத்துப்போனவர்கள் வாயில் இலக்கணத்தைத் திணித்தால் கோபித்துக்கொள்வார்கள். அதிலும் என் அம்மா சும்மா விடமாட்டாள்.

எனக்குப் பல் விழுந்து முளைக்கிற வயசு. முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீடு மில்லுக்காரர் வீடு. மில் சங்கு ஊதினால் எழுந்திருப்போம், சங்கு ஊதினால் உலை வைப்போம். என் அப்பா தறி ஓட்டினார். வரிசை வரிசையாகத் தறிகள் ஒன்றாக அடிக்கும்போது அங்கே பக்கத்தில் நிற்கிறவன் பேச்சுகூடக் காதில் விழாது. வாயசைவைப் பார்த்தும் கையைக் காட்டியும்தான் பேசிக்கொள்வார்கள். வருஷம் போகப்போகக் காதும் போய்விடும். அதற்கு எங்கள் தெருவில் மில்லுக்காது என்று பெயர். பெண்டாட்டி புருஷனைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையில் ஓங்கி மிதிப்பாள், இல்லாவிட்டால் முந்தானையை ஆட்டிக் காட்டுவாள். சண்டையும் கையால்தான். அதனால் எங்கள் தெருவில் புருஷன் பெண்டாட்டி ரகசியம் என்று ஒன்று இருந்ததே இல்லை. எதிர்வீட்டுக்காரர் ராத்திரி குடித்துவிட்டு வந்ததை அவர் பெண்டாட்டி கட்டைவிரலைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்பாள், நாங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்போம்.

என் அப்பாவுக்கு மட்டும் மில்லுக்காது இல்லை. அப்படித்தான் அவர் சொன்னார், நாங்களும் நம்பினோம். அவரை மேஸ்திரி ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. மேஸ்திரிக்குக் காது வேண்டும். அதனால் அவர் காதைப் பற்றி யாரும் வீட்டில் வாயைத் திறக்கக்கூடாது.

ஆனால் நான் கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார்.

அப்போது என் குரல் சில்வண்டு மாதிரி இருக்கும். "யப்பா, யப்பா" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு போவேன். மனிதர் அவர்பாட்டுக்கு நடப்பார். தம்பி கைக்குழந்தை. அவன் "ங்கா" என்றால் போதும், அப்பாவும் "ங்கா" என்பார். என் அம்மா இதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னாள்: "வுடுடீ. ஒங்கப்பனுக்கு ஆம்பளப் புள்ளதான் புள்ள. பொட்டச்சி கத்துனா காதுல ஏறாது." நான் அதை அப்படியே விழுங்கிவிட்டேன். தம்பி எப்போதும் அவர் மடியில், அவர் முகத்துக்கு நேராக இருந்தான், நான் எப்போதும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தேன் என்பது இப்போதல்லவா விளங்குகிறது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் மில்லை இழுத்து மூடினார்கள். லாக்-அவுட். கேட்டில் பூட்டுத் தொங்கியது. சங்கு நின்றுபோனதில் தெருவே தடுமாறிப்போனது. ஒரு வீட்டில் விடிவதற்குள் குழம்பு கொதிக்கும், இன்னொரு வீட்டில் பொழுது சாயும்போது இட்லி வேகும். எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம். அப்பா நாள் முழுக்க வீட்டில் இருக்கிறாரே! அவரிடம் சொல்ல நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். பல் விழுந்தது, பூனை அரிசி மூட்டை மேல் குட்டி போட்டது, அதில் ஒன்றுக்கு மூக்கு மட்டும் கறுப்பு. ஒன்றையும் அவர் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் மழை விட்டதும் புழக்கடையில் சில்வண்டுகள் காதைக் கிழித்தன. அப்பா சுவரில் சாய்ந்துகொண்டு, "மில்லு இல்லாம ஊரே இன்னா நிம்மதியா கீது. ஒரு சத்தம் இல்ல" என்றார். அம்மாவுக்கு வந்ததே கோபம். அதுவரை அரிசி இல்லை, பருப்பு இல்லை என்று அவர் முதுகுப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தவள் அவள்தான். தன்னைத்தான் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் அவருடன் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததும் அவருக்குத் தெரியவில்லை, பாவம்.

இப்போது பக்கத்து வீட்டுக்கு வருகிறேன். அது சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சொல்தா செத்துப்போய் மதாம் மட்டும் இருந்தார். பவுன் விளிம்புக் கண்ணாடி, கவுன், பாரிஸ் பவுடர் வாசனை. தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தாலும் செருப்பு மாட்டிக்கொண்டுதான் வருவார். அவருடைய மகன் பிரான்சுக்குப் போனவர், அந்த மழைக்காலத்துக்கு முன்னால் திரும்பி வந்தார். தலையை ஒட்ட மழித்திருந்தார். முட்டியில் கிழிந்த கால்சட்டை. சட்டை முழுக்க ஊக்கு.

ஊக்கைப் பார்த்ததும் தெருப் பெண்களுக்கு அவரைப் பிடித்துப்போனது. நமக்குத் தாலிக்கயிற்றில் நாலு ஊக்கு இல்லாமல் வெளியே போக வருமா? அவசரத்துக்குக் கேட்டால் தரக்கூடிய ஆம்பிளை ஒருவர் தெருவுக்கு வந்திருக்கிறார். "தம்பி, ஒரு ஊக்கு குடு, ரவிக்கை பிரிஞ்சிபோச்சி" என்று வாசலில் நின்று கேட்பார்கள். அவரும் சட்டையிலிருந்து கழற்றிக் கொடுப்பார். என் அம்மா அவருடைய கால்சட்டையைக் கொடியில் பார்த்துவிட்டு, மகன் கிழிசலோடு திரிகிறானே, மதாமுக்கு ஊசி பிடிக்கத் தெரியாது போலிருக்கிறது என்று மனசு கேட்காமல் எடுத்து வந்து ஒட்டுப் போட்டுத் தைத்து மறுபடி கொடியிலேயே போட்டுவிட்டாள். அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற முகம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

"அக்கா, இது கிழிஞ்சிதான் இருக்கணும்" என்றார்.

"இருக்கட்டும் தம்பி, இதுக்கெல்லாம் தேங்ஸ் சொல்லக் கூடாது" என்றாள் அம்மா.

அவரோடு சேர்ந்து வாசிக்க இன்னும் இரண்டு பேர். ஒருவர் மெக்கானிக், தடிக்கம்பி கிதார் வாசிப்பவர். இன்னொருவர் டிரம். அவர் சர்ச் பேண்டில் சாவு ஊர்வலத்துக்கு டிரம் அடிப்பவர், அவருடைய அப்பாவும் மில்லுக்காரர். "பொணத்துக்குப் பின்னால மெள்ள மெள்ள அடிச்சி கையி கட்டிப்போச்சி பாப்பா. அதான் இங்க ஓட வுடறேன்" என்று என்னிடம் சொல்வார். அவர்கள் அடித்ததற்குப் பேர் பங்க்காம், அதிலும் ஆர்த்கோராம். மதாமின் மகன் அப்படித்தான் சொன்னார். அது ஹார்ட்கோர் என்று பேத்தி இப்போது திருத்துகிறாள். இருக்கட்டும். எங்கள் தெரு வைத்த பெயர் தடதட பசங்க.

முதலில் வெள்ளைக்காரத் தெருவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் வாசித்தார்கள், துரத்திவிட்டார்கள். பிறகு வைத்திக்குப்பத்தில் வலை வைக்கிற கொட்டகையில் வாசித்தார்கள். இரண்டு நாள் வலை காலியாக வந்ததும் அங்கிருந்தும் கிளப்பிவிட்டார்கள். கடைசியில் மதாம் மனசே இல்லாமல் தன் வீட்டுப் பின்பக்கத்துச் சாமான் அறையைக் கொடுத்தார். அந்த அறைக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். சத்தம் வெளியே போகாமல் சுவரில் சாக்கும் பழைய தேங்காய்நார் மெத்தையும் அடித்தார்கள், கல்யாண மைக்செட்காரரிடமிருந்து பீரோ உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி கொண்டுவந்தார்கள், ஓடு ஒழுகுகிற இடத்தில் தார்ப்பாய் கட்டினார்கள்.

முதல் நாள் வாசித்தபோது மதாம் ஜெபமாலையோடு வாசலில் வந்து நின்றார், தெரு சண்டைக்கு வரும் என்று. யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. "மோந்தியே, கடவுளே, இன்னா பொறுமையான ஜனங்க!" என்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டாராம். பொறுமையாவது! பாதிப் பேருக்குக் காது கிடையாது. மீதிப் பேர் மில் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள், சங்கு நின்ற பிறகு தூக்கம் வராமல் கிடந்தவர்கள். இந்தப் பசங்கள் வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் எதிர்வீட்டுக் கிழவர் மத்தியானத்தில் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? தகரக் கூரைமேல் ஜல்லி கொட்டுகிற மாதிரி தொடங்கும். தொடங்கிய நிமிஷத்தில் முடிந்தும் போகும். உலையில் அரிசி போட்டுக் கரண்டியைக் கழுவி வைப்பதற்குள் ஒரு பாட்டு தீர்ந்துவிடும். ராகம் கிடையாது, இழுப்பு கிடையாது. டிரம் தறி மாதிரியே அடிக்கும், ஆனால் எங்கோ அவசரமாக ஓட வேண்டிய தறி. அதன்மேல் மதாமின் மகன் தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவார். எல்லாம் தமிழ்தான். பெரிய வாய்க்கால் நாற்றத்துக்கு ஒரு பாட்டு. ரேஷன் கடை வரிசைக்கு ஒரு பாட்டு. லாக்-அவுட்டுக்கு ஒரு பாட்டு, அதில் "தொறடா கதவ" என்பதைத் தவிர வேறு வார்த்தையே கிடையாது.

அதைக் கேட்டுச் சங்கத் தலைவர் ஒரு நாள் வந்தார். மில் கேட்டில் கூட்டத்தில் பாடச் சொல்லலாமா என்று பார்க்க வந்தவர், ஒரு பாட்டு முடிந்ததும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "கருத்து நல்லா கீதுப்பா. ஆனா எடுத்தவொடன கத்துனா எப்டி? தலைவர் அவர்களே, தோழர்களேன்னு ஆரம்பிக்க வேணாமா?" என்றார்.

"அதுக்குள்ள பாட்டு முடிஞ்சிடும் தலைவரே" என்றார் டிரம் அண்ணன்.

என் அப்பா தினமும் அந்தப் பொதுச் சுவரில் முதுகை ஒட்ட வைத்து உட்கார்ந்துகொள்வார். கண்ணை மூடியிருப்பார். முட்டிமேல் விரல் தாளம் போடும். கால் கட்டைவிரல் ஆடும். மில் மூடின கவலையில் நெற்றியில் விழுந்திருந்த கோடெல்லாம் அப்போது இருக்காது. அம்மா என்னிடம், "பாத்தியாடீ. பெத்த பொண்ணு கூப்டா திரும்பல. அந்தக் கழுதக் கத்தலுக்குத் தாளம் போடறாரு" என்பாள். எனக்கு அந்தப் பசங்கள் மேல் அப்படி ஒரு பொறாமை. என்னிடம் இல்லாதது அவர்களிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் புழக்கடைக் கட்டைச்சுவர் ஏறி அந்த அறைக்குப் போக ஆரம்பித்தேன். போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர்களிடம் அந்த மைக் இருந்தது. உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும். ஷாக் அடிக்காமல் இருக்க அதைச் சுற்றி ஒரு துண்டு.

ஒரு மத்தியானம். மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பா புழக்கடையில் தாழ்வாரத்துக்கடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து குடைக்கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். "போயி ஒங்கப்பன சோத்துக்குக் கூப்புடு" என்றாள் அம்மா. கூப்பிட்டேன். இன்னும் கிட்டே போய்க் கூப்பிட்டேன். அவர் தோளைத் தொட்டிருக்கலாம். தொடக்கூடாது என்று பிடிவாதம். என் குரலுக்குத்தான் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. அழாமல் நேராகச் சுவரேறிக் குதித்தேன்.

அவர்கள் அன்றைக்குப் பாட்டை டேப்பில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாக்குமேல் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன், சிவப்புப் பொத்தான்.

"அண்ணே, எனக்கு அது வேணும்" என்று மைக்கைக் காட்டினேன்.

"எதுக்கு?" என்றார் மதாமின் மகன்.

"எங்கப்பாவக் கூப்டணும்."

மெக்கானிக் அண்ணன் சிரித்துவிட்டார். "தோ அங்கதான குந்திகினு கீறாரு? வாயால கூப்டு."

"கூப்டா திரும்ப மாட்றாரு. நீங்க கத்துனா மட்டும் தாளம் போடறாரு."

டிரம் அண்ணன் குச்சியைக் கீழே வைத்தார். "எங்கப்பனும் தறிதான்" என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "கதவுப் பாட்டு போடு. நடுவுல நிக்கிற எடம் இருக்குல்ல, அது இவுளுக்கு" என்றார். என்னிடம், "நான் கையத் தூக்குவேன். தூக்குனதும் கத்து. வவுத்துலேர்ந்து கத்து" என்றார்.

மதாமின் மகன் எனக்குக் கீழே ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். ஸ்பீக்கர் பெட்டியின் வாயை, திறந்திருந்த கதவுப் பக்கம் திருப்பினார். சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

வெளியிலிருந்து கேட்பது வேறு, அதற்குள் நிற்பது வேறு. சத்தம் காலில் ஏறி வயிற்றில் உட்கார்ந்துகொண்டது. பல் விழுந்த பொந்து கூட அதிர்ந்தது. தொறடா கதவ, தொறடா கதவ, தொறடா கதவ. திடீரென்று எல்லாம் நின்றது. டிரம் அண்ணன் கை மேலே.

"யப்பா!"

என் குரல்தானா அது! மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். காக்கைகள் கிளம்பின. கட்டைச்சுவருக்கு அந்தப் பக்கம் குடைக்கம்பியோடு ஒரு முதுகு நிமிர்ந்தது. திரும்பியது. அப்பா எழுந்து, சின்னப் பையன் மாதிரி சுவரைத் தாண்டி, தூறலில் நனைந்துகொண்டு அறை வாசலுக்கு வந்தார்.

"இன்னாம்மா?" என்றார்.

டக்கென்று ஒரு சத்தம். மெக்கானிக் அண்ணன் டேப்பை நிறுத்திவிட்டார். இது வீட்டு விஷயம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

பூனைக்குட்டி, கறுப்பு மூக்கு எல்லாம் மறந்துபோனது. "சோறு ஆறுது" என்றேன் மைக்கில்.

அவர் மைக்கைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கிட்டே வந்து, என் உயரத்துக்குக் குனிந்து, என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "தெனமும் கூப்டுவியாம்மா?"

தலையை ஆட்டினேன்.

"கேக்கலம்மா" என்றார். "அப்பாவுக்குக் கேக்கல."

மேஸ்திரி வேலைக்காக ஊர் முழுக்க மறைத்ததை முதல்முதலில் என்னிடம்தான் சொன்னார். அதற்குள் அம்மா கையில் கரண்டியோடு சுவருக்குமேல் தலையை நீட்டியிருந்தாள். அவளுக்கும் கேட்டுவிட்டது. அவள் போட்ட கூச்சலுக்கு மைக்கே தேவைப்படவில்லை.

"காது போச்சின்னா சொல்லித் தொலையறதுக்கு இன்னாய்யா? இத்தினி நாளும் நான் செவுத்துக்கிட்டியா சண்ட போட்டேன்?"

பிறகு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டும் இருந்தாள். அன்று சாயங்காலம் அப்பாவைத் தன் முகத்துக்கு நேரே உட்காரவைத்து, அவருக்குக் கேட்காமல் வீணாய்ப்போன பழைய சண்டைகளையெல்லாம் முதலிலிருந்து மறுபடி போட்டாள். அவரும் மரியாதையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் வயிற்றிலிருந்து பேசப் பழகினேன். கீச்சுக்குரல் அவருக்கு எட்டாது, தடிமனான குரல் கொஞ்சம் எட்டும். என் குரல் ஏன் ஆம்பிளை மாதிரி கட்டையாக இருக்கிறது என்று கேட்பீர்களே, இதுதான் காரணம். பஜனையில் என்னைப் பின்வரிசையில் நிறுத்துகிறீர்களே, அதற்கும் இதுதான்.

மில் திறந்தது. சங்கு ஊதியது. அப்பா மேஸ்திரி ஆகவில்லை. தானே போய், காது மந்தம், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். கூப்பிட்டால் திரும்பாததால் அதுவரை அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று பேசிய யாரும் அதற்குப் பிறகு அப்படிச் சொல்லவில்லை. மதாமின் மகன் பிரான்சுக்கே திரும்பிப் போனார். ஒட்டுப் போட்ட கால்சட்டையோடுதான் விமானம் ஏறினார் என்று அம்மா ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். டேப்பும் அவரோடு போனது. டிரம் அண்ணன் ஊர்வலங்களுக்கு மெதுவாகவே அடித்து, ஒரு நாள் அவர் பின்னாலும் யாரோ மெதுவாக அடித்துக்கொண்டு போனார்கள். அந்த அறை இருந்த இடத்தில் இப்போது ஸ்கூட்டி வாடகைக்கு விடுகிறார்கள்.

அப்பா போய் வெகுநாளாகிறது. மாலை போட்ட படம் ஒன்று இருக்கிறது. படம் பேசுமா?

போன மாசம் என்னை எங்கள் ஊர்க் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், எனக்கும் இடது காது சரியில்லை. காத்திருந்த நேரத்தில் பேத்தி தன் போனைக் காட்டி, "ஆயா, இந்த பேண்டு ஒங்க முதலியார்பேட்டயாம். வெளிநாட்டுப் பசங்கல்லாம் தேடித் தேடிக் கேக்கறாங்க. ஒனக்குத் தெரியுமா?" என்றாள். டேப்பிலிருந்து டேப்புக்கு நகல் எடுத்து எடுத்து அது எங்கெல்லாமோ போயிருக்கிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் என் நல்ல காதில் அந்த ஒயரை மாட்டினாள்.

மழை மாதிரி ஒரு இரைச்சல். பிறகு தடதட. தொறடா கதவ. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நின்றது. ஒரு சில்வண்டு, "யப்பா!" என்று கத்தியது. அப்புறம், தூரத்தில் வாசலிலிருந்து:

"இன்னாம்மா?"

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பில் நர்சு ஓடிவந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டினதைப் பார்த்து, காதில் வலியா என்று கேட்டாள்.

பேத்தி இன்னொரு படமும் காட்டினாள். ஏதோ குளிர் ஊர். ஒரு கூடம் நிறைய வெள்ளைக்காரப் பிள்ளைகள், கறுப்புப் பிள்ளைகள், சட்டையில் ஊக்கு. மேடையில் தொப்பையும் மொட்டையுமாக ஒரு கிழவர். மதாமின் மகனேதான்! கதவுப் பாட்டு. நடுவில் நின்றதும் மைக்கைக் கூட்டத்துக்கு நீட்டுகிறார். பாதிக் கூடம் "யப்பா!" என்கிறது. மீதிக் கூடம், கையை உயர்த்தி, "இன்னாம்மா?" என்கிறது.

"அர்த்தம் தெரியாதாம் ஆயா" என்றாள் பேத்தி. "ஆனா அந்த எடம் வந்தா கத்தணுமாம். எல்லா ஊர்லயும் அப்டித்தானாம்."

வயசுக்காரிகளே, ஒரு காலத்தில் நான் கூப்பிட்டால் ஒரு முதுகு திரும்பாது. இன்றைக்குக் கூடம் கூடமாகத் திரும்பி, என்னம்மா, என்னம்மா என்று கேட்கிறார்கள். மெக்கானிக் அண்ணன் மரியாதையாக டேப்பை நிறுத்தினதால் பதில் கிடைக்காமல் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டே நிற்கிறார்கள், பாவம். பேத்தியிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளைகளுக்கு எழுதிப் போடு கண்ணு, ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம், சோறு ஆறுது, வந்து சாப்பிடுங்கடா என்று.